இருட்டில் பதினைந்து நிமிடம்

ப்ரொபிடியம் அயோடைடு என்று
முழுப்பெயர் சொல்லி யாரும் அதைக் கூப்பிடுவதில்லை.
எங்கள் தரமணி ஆய்வகத்தில் அது வெறும் பி.ஐ.
பரோட்டா பொட்டலம் போல அலுமினியத் தாள் சுற்றி
ஃப்ரிட்ஜின் இரண்டாம் தட்டில் இருக்கும்.
வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும்,
வெளிச்சம் தருவதற்கென்றே வாங்கிய சாயம்.

தொடும்போது இரண்டு கையுறை.
டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு நடுவே
சந்து பார்த்துச் செருகிக்கொள்ளும் குணம் அதற்கு.
யாருடைய ஏணி என்று விசாரிக்காது.
சும்மா தண்ணீரில் கிடக்கும்போது மங்கல்,
இரண்டு படிகள் நெருக்கிப் பிடித்துக்கொண்டால்தான்
அது ஒளிரும்.

குழாய்க்கு ஐந்து மைக்ரோலிட்டர்.
பதினைந்து நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும்.
பிறகு நீல லேசரின் முன்னால்
செல்கள் ஒவ்வொன்றாக, முண்டியடிக்காமல், போகும்.
உயிருள்ள செல் அதை உள்ளே விடாது.
சோப்புக் குமிழியைவிட மெல்லிய தோல்தான்,
இருந்தாலும் விடாது.
செத்த செல்லின் தோல் கிழிந்திருக்கும்.
அதற்குள் மட்டும் புகுந்து
மூலைமுடுக்கெல்லாம் சிவப்பாய் எரியும்.
எரிவதை எண்ணி விழுக்காடு போடுவது என் வேலை.
பதினோரு மாத ஒப்பந்தம்.

வீட்டு வாடகை ஒப்பந்தமும் பதினோரு மாதம்தான் என்று
ஜூனில் தெரிந்தது.
மடிப்பாக்கத்தில் முதல் மாடி.
கேட்டைத் திறக்கும் முன்னே
"சாப்பாடெல்லாம் எப்படி?" என்றார்கள்.
புழுதிவாக்கத்தில்
நான் தண்ணீர் வசதி கேட்டேன்,
அவர் ஊர் கேட்டார்.
ஊரைச் சொன்னதும் தெருவைக் கேட்டார்.
வேளச்சேரியில் ஒரு அம்மாள் மோர் கொடுத்தார், பேப்பர் கப்பில்.
குடித்து முடிக்கும் வரை காத்திருந்து
"பையன் அமெரிக்காவுலேந்து திரும்பினாலும் திரும்புவான்" என்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் ரிஸ்வானா சிரித்தாள்:
"உனக்காவது தெரு வரைக்கும் வர்றாங்க.
எனக்குப் பேரோட முடிஞ்சிடும்."
அவள் திரையில் அன்று ஒரு கூட்டம்
சிவப்புக்கும் இருட்டுக்கும் இடையில் நின்றது.
தோல் தளர்ந்தும் கிழியாதவை.
கோடு போட்டு அவற்றை வெளியே தள்ளினாள்.
கணக்கில் சேராது.

தரகர் தணிகாசலம் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார்.
"உள்ளகரத்துல ஒண்ணு இருக்கு மேடம்.
ரெண்டு மாச அட்வான்ஸ் போதும்.
சாப்பாடு, ஊரு, ஒண்ணும் கேக்க மாட்டாங்க."
லைனில் ஒரு ஆட்டோ கடந்து போயிற்று.
"மறைக்கக் கூடாதுல்ல.
போன தையில அங்க ஒருத்தர் தனியா...
நாலு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது."

கதவில் போலீஸ் உடைத்த இடத்தில்
புதுப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது.
பெயிண்ட் நிறம் ஒத்துப்போகவில்லை.
மின்வாரிய அட்டையில் வி. கோவர்தன்.
கடைசி ரீடிங்கில் முப்பத்தோரு யூனிட்.
ஒரு ஃபேன், ஒரு விளக்கு என்று
மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
சாமி மாடத்தில் தீப்பெட்டி மட்டும்.
நாட்காட்டியில் தை ஒன்பது கிழிபடாமல் இருந்தது.
நானும் கிழிக்கவில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டு
தணிகாசலம் வாசல்படி தாண்டாமலே இறங்கிப் போனார்.
பையை நடுக்கூடத்தில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தேன்.
எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.
பழக்கதோஷம், பதினைந்து நிமிடம் இருக்கும்.

எழுந்து கூடத்து சுவிட்சைப் போட்டேன்.
பிறகு சமையலறை.
குளியலறை, துணி துவைக்கும் சந்து,
பரணுக்குக் கீழே ஒரு மஞ்சள் பல்பு,
எதற்கென்றே தெரியாத இன்னொரு பல்பு.
எல்லாம் எரிந்தன.
ஜன்னல்களை விரியத் திறந்தேன்.

எதிர் வீட்டில் ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது.
அதற்கு மேல் மாடியில் இன்னொன்று.
பால்கனிக் கதவு, பக்கத்து வீட்டுக் கொசுவலைக் கதவு,
கடைசியாக, தயங்கித் தயங்கி, கீழ்த்தளத்தில் ஒன்று.

எண்ணினேன். ஐந்து.
ஐந்தும் உயிரோடு இருக்கின்றன.