எவ்வளவு உயரம்

என் இடது புருவத்தில் ஒரு வெட்டை இருக்கிறது.
சலூன்காரி ஒவ்வொரு முறையும் கேட்பாள்,
பென்சிலால் நிரப்பிவிடவா என்று.
வேண்டாம் என்பேன்.

அது முதலாவது ரொக்கெட்.
மை தீர்ந்த பேனைக் குழாய்,
ஹில்மி தன் வாப்பாவின் கடையில் களவெடுத்த நெருப்புப்பெட்டி.
பறக்கவில்லை.
இருந்த இடத்திலேயே இருந்து யோசித்தது,
நான் கிட்டப்போய்க் குனியும்வரை.
அம்மா பற்பசையைப் பிதுக்கித் தடவினாள்,
தடவிய கையாலேயே அடித்தாள்.
மூன்று நாள் என் முகத்தில் புதினா மணத்தது.

இரண்டாவது, அப்பாவின் மூக்குக்கண்ணாடி.
சனிக்கிழமை வெயிலை ஒரு புள்ளியாக்கி
ரெரன்ஸின் சரித்திரக் கொப்பியில்
போர்த்துக்கேயர் வருகையை எரித்தோம்.
அவனுடைய ஆட்கள்தானே, அவன் சம்மதித்தான்.
வேலியோரம் நின்ற மான் ஒன்று
எல்லாவற்றையும் பார்த்தது,
எரிந்ததுபோக மிஞ்சிய பக்கத்தைத் தின்றது.
சாட்சியும் தடயமும் ஒரே வயிற்றுக்குள் போயின.

மூன்றாவதைத்தான் சொல்ல வந்தேன்.

டிஷ்யூத் தாள், கோதுமைமாப் பசை, ஈர்க்கில் வளையம்,
பாலையூற்று மாதா பார்த்துக்கொண்டிருக்கவே
எடுத்துவந்த மெழுகுதிரித் துண்டுகள்.
ரெரன்ஸின் அண்ணன் எமர்சனுக்குத் தச்சுப்பட்டறையில் வேலை.
‘உங்களோட விளையாட எனக்கு நேரமில்லை’
என்று சொல்லிக்கொண்டே ஈர்க்கிலை வளைத்தான்,
சொல்லிக்கொண்டே ஒட்டியும் தந்தான்.

எங்கள் கணக்கு இது:
ஆடி மாதம். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும்.
டச்சுக்குடா மணலில் நின்று விட்டால்
நேரே போய்ப் பர்மாவில் விழும்.
பர்மா, ஹில்மியின் தீர்ப்பு.
எட்டு மணிக்கு ஊரடங்கு. ஏழேகாலுக்குப் பற்றவைத்தோம்.

ஒரு பக்கம் சாய்ந்தது. ஓரம் கருகியது.
ரெரன்ஸ் ஊதினான், நான் ஏசினேன்.
பிறகு, கைகளுக்குள் ஏதோ மிருகம் மூச்சு விடுவதுபோல
தாள் உப்பியது.
விட்டோம்.

யாரும் கத்தவில்லை.
அதுவரை நாங்கள் எரித்தவை எல்லாம்
கீழேயே கிடந்து எரிந்தவை.
இது போனது.

கோட்டை மதில் உயரம் தாண்டியதும்
அங்கே காற்று வேறு கணக்கு வைத்திருந்தது.
திரும்பியது.
மைதானத்துக்கு மேலால், மார்க்கெட்டுக்கு மேலால்,
கடற்படைக் கப்பல்கள் நிற்கிற இருட்டை நோக்கி,
ஒரு வேலையும் இல்லாதவன்போல மெதுவாக.

தேடொளி ஒன்று எழும்பியது. இன்னொன்று.
பிறகு சுட்டார்கள்.
ஒரு பிடி மெழுகுக்கு எத்தனை குண்டு!
விளக்குகள் அணைந்தன. கதவு சாத்தும் சத்தம்
வீதி வீதியாக ஓடிப்போனது.
கவிழ்த்துவைத்த வள்ளத்தின் கீழே
மணலை மென்றபடி கிடந்தோம்.
ஹில்மி ஓதினான். ரெரன்ஸ் செபித்தான்.
எனக்கு ஒரு தேவாரமும் வரவில்லை,
இரண்டு பேருக்கும் ஆமென் சொன்னேன்.

விடியச் சுற்றிவளைப்பு.
நகத்திடுக்கில் பசையோடு எமர்சன் வரிசையில் நின்றான்.
கையை விரி என்றார்கள்.
விரித்தான்.
வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
மூன்று பேர், பதினொரு வயது,
வாய் இருந்தது.

நாலாம் நாள் வந்தான்.
ஒரு கால் மற்றதற்குப் பிந்தி வந்தது.
தாய் சுடுதண்ணி வைக்க உள்ளே போன நேரம்
எங்களைக் கிட்டக் கூப்பிட்டான்.
அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும்.

‘எவ்வளவு உயரம் போச்சுது?’

ரெரன்ஸ் முற்றத்துத் தென்னையைக் காட்டினான்.
‘இதிலும் கூட’ என்றான் ஹில்மி.
‘இது மாதிரி மூண்டு’ என்றேன்.
பொய். ஐந்தாவது இருக்கும்.
பயத்தில் குறைத்துச் சொன்னேன்.

எமர்சன் சிரித்தான்.
காய்ந்திருந்த உதடு மறுபடி பிளந்தது,
துடைக்கவில்லை.
‘ஈர்க்கில் தாங்கிச்சுதோ?’

நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.
ஓம் என்றோம்.