ஆறு மில்லிமீட்டர்

ஆறு, ஐந்து, நான்கு என்றான் ட்ரூல்ஸ்.
நெஞ்சுக்கு ஆறு, காலுக்கு ஐந்து, கைக்கு நான்கு.
மில்லிமீட்டர் மில்லிமீட்டராக
என் உடம்பை ரப்பருக்குப் பங்கு பிரித்தான்.

கடைக்கு வெளியே லோஃபோட்டனின் ஜனவரிக் கடைசி.
பகல் ஒரு மணிக்கே
வெளிச்சம் கோட்டை மாட்டிக்கொண்டு
கிளம்பத் தயாராக நின்றது.

"கழுத்தில் ஒரு விரல் நுழைந்தால்
கடலும் நுழையும்."
இறுக்கினேன்.
படகுத்துறையில் பத்து வருடம் சீட்டுக் கிழித்த வயிறு
கண்ணாடியில் ஒரு கடல்நாயாகி
என்னை யார் என்று கேட்டது.
விலைச்சீட்டைத் திருப்பினேன்.
என் காரின் குளிர்கால டயர் நான்கும்
அதற்குள் அடக்கம்.

மூலையில் ஒரு வெள்ளைப் பலகை,
ஒல்லியாக, கூராக, உருவிய கத்திபோல.
கை நீட்டினேன்.
"அதற்கு உங்களைப் பிடிக்காது" என்றான்
வெகு சாதாரணமாக.
தடித்த ஒன்றை இழுத்துவந்தான். எட்டடி நுரைப்பலகை,
இரண்டு கோடை வாடகைக்குப் போய் வெளுத்த நீலம்,
மூக்கில் ஏதோ நாயின் பல்.
"ரப்பருக்கு ஒரு கனம், அதில் ஊறும் ஈரத்துக்கு ஒரு கனம்,
உங்களுக்கு ஒன்று.
மூன்றையும் தூக்குவது எதுவோ அதை எடுங்கள்."

நண்டுக்கொடுக்கு மாதிரி மூன்று விரல் கையுறை.
ஏழு மில்லிமீட்டர் காலுறை.
குளிருக்கென்றே இளக்கிய மெழுகு,
உறையில் 'தேங்காய் வாசம்'.
நான் தேங்காய் உடைத்ததில்லை. முகர்ந்தேன். நம்பினேன்.

கடைசியில் கேட்டான்:
"ஜிப் முதுகிலா, மார்பிலா?
முதுகில் என்றால் இழுத்துவிட
யாராவது வேண்டும்."

விலையைவிட அதிக நேரம்
அந்தக் கேள்வியின் முன் நின்றேன்.
மார்பில் என்றேன்.

*

பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டினால்
கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.
இதை அவன் இலவசமாகச் சொன்னான்.

காற்று மைனஸ் நான்கு. தண்ணீர் ஐந்து.
அன்று அந்த வட்டாரத்தில்
கடல்தான் கதகதப்பு.

முதல் அலை முகத்தில் விழுந்தது.
நெற்றிக்குள் ஆணி.
மூச்சு என்னை விட்டு ஓடி
நாலடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தது.
வா என்றேன்.
யோசித்துவிட்டு வந்தது.

எழுந்து நின்றேன் என்று சொல்லமாட்டேன்.
முழங்கால்கள் நின்றன.
உடைந்த அலையின் வெள்ளை பின்னாலிருந்து தள்ள
கரையும், கரையில் மீனுக்குக் காத்திருக்கும் வெற்றுக் கம்பப்பந்தல்களும்,
பனி மூடிய என் காரும்
என்னை நோக்கி
ஓடி வந்தன.
ஆறு, ஐந்து, நான்கு,
அதற்குள் கவிழ்ந்தேன். வாய் நிறைய உப்பு. சிரிப்பு.

கை சொன்னபடி கேட்கும்போதே கரையேறிவிடுங்கள்
என்றுதான் சொல்லியிருந்தான்.
இன்னும் ஒன்று என்றேன்.
அப்புறம் இன்னும் ஒன்று.

*

ஜிப் என் மார்பிலேயே இருந்தது.
விரல்கள்தான் வேறு யாருடையவோ.
கையுறைக்குள் ஊற்றவென்று கொண்டுவந்த வெந்நீர்
ஃபிளாஸ்குக்குள் பத்திரமாகச் சுட்டுக்கொண்டிருந்தது.
மூடியைப் பல்லால் கடித்தேன்.
பல்லும் தந்தியடித்தது.

பனி ஒதுக்கும் வண்டி ஒன்று
மஞ்சள் விளக்கைச் சுழற்றியபடி நின்றது.
இறங்கியவள் உதட்டுக்கடியில் புகையிலை,
சட்டையில் 'ஸ்னெஃப்ரிட்' என்று பெயர்.
எதுவும் கேட்கவில்லை.
மூடியைத் திருகினாள், கையில் ஊற்றினாள்,
ஜிப்பைக் கிழங்குத் தோல்போல உரித்தாள்.
கால்பகுதி வரவில்லை.
அவள் இழுக்க, நான் காரின் கதவைப் பிடித்துக்கொள்ள,
வந்தபோது
இருவருமே பனியில் மல்லாந்து கிடந்தோம்.

"மீன் ஏதாவது கிடைத்ததா?" என்றாள் வானத்தைப் பார்த்து.

சனிக்கிழமையும் இதே சாலைதானாம்.
பன்னிரண்டரை வாக்கில்.

ட்ரூல்ஸுக்கு ஃபோன் போட்டேன்.
விற்றதை மாற்றித் தருவதில்லையாம்,
முதுகு ஜிப் விலை குறைவுதான்
என்றாலும்.