நீலத் துளி

சீசன் தொடங்கிய மூன்றாம் நாளே
அதிர்வுச் சல்லடையின் மோட்டார் போல்ட்டுகள்
தாமாகக் கழன்று உதிர்ந்தன.
எரிச்சலில் முனிரத்தினம்
கைக்கு வந்த குப்பியை எடுத்து
நாலுக்கும் ஊற்றி முடுக்கினான்.
‘இனி செத்தாலும் அசையாது.’

அசையவில்லைதான்.
பேரிங் செத்த இரவிலும் அசையவில்லை.

வெளியே பர்கூர் ரோடு நெடுக பெங்களூரா லாரிகள்,
தார்ப்பாய்க்குள் பழம் புளிக்கத் தொடங்கும் வாசனை.
உள்ளே நான் கேஸ் டார்ச்சில்
போல்ட் தலையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.
இருநூற்றைம்பது டிகிரிக்கு முன்
அது பேச்சுக்கே வராது.
ஒட்டியிருந்த மாங்கூழ் கருகிப்
பாகு மணத்தது. அந்த நேரத்திலும் பசித்தது.
மூன்று வந்தன.
நாலாவது, தலை மட்டும்.

விடிந்து ஸ்டோரில் பார்த்தால்
இரண்டும் ஒரே சிவப்புக் குப்பி.
‘நிறம் வெளியில இல்லண்ணா’ என்று நாகவேணி
கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டாள்.
நீலம்.
பிடிக்கும்; ஸ்பேனர் வந்து கேட்டால் விட்டுக்கொடுக்கும்.

குப்பியில் பாதி காற்று.
அளவில் ஏமாற்றுகிறான் என்று இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்.
காற்று உள்ளவரைதான் அது தண்ணீர்;
இரும்புக்கும் இரும்புக்கும் இடையே
மூச்சு நின்ற பிறகே இறுகும்.

எண்ணெய் துடைத்தேன். மரையில் ஒரு துளி.
இது ஸ்டெயின்லெஸ், சோம்பேறி,
நாளைக் காலைவரை தொடக்கூடாது என்றால்
மேனேஜர் லாரிகளைக் காட்டுகிறார்.

குப்பிமேல் மார்க்கரில் எழுதி வைத்தேன்:
‘மறுபடி கழற்ற வேண்டியவற்றுக்கு.’
அதே அலமாரியில்
ஜூலைக் கடைசியில் முடியும் என் கான்ட்ராக்ட் தாள்,
அடியில் நீல மையில் ஒரு கையெழுத்து.