வீரமல்லி

நோர்வூட் தபால் கந்தோரில் கையெழுத்து வைத்தேன்.
வெளியே மழை.
உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
பொகவந்தலாவை பஸ்ஸில் நின்றபடியே வந்தேன்.
பதினாலு மாதம், மூன்று கடிதம், முப்பது பவுன்.

முதல் பதிலில் இப்படி இருந்தது:
வீரமலை, தகப்பன் பெயர் சங்கிலி,
அப்படி ஒருவர் எங்கள் ஏடுகளில் இல்லை.

எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவன் நான்.
விடை வராவிட்டால் தரவைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.
ஆள் சேர்த்த துரையின் காதில்
என் தாய்மாமன் பெயர் எப்படி விழுந்திருக்கும் என்று
ஒன்பது விதமாய் எழுதி அனுப்பினேன்.
ஏழாவதில் அகப்பட்டார்.
வீரமல்லி.
தகப்பன்: சங்கலே.
மலையைப் பூவாக்கி
நாலு வருஷம் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

பயனியர் கம்பனி. தொழில்: கூலி.
உயரம் ஐந்தடி இரண்டு. மார்பு முப்பத்தொன்று.
அடையாளம்: இடது முழங்காலில் வெட்டுத் தழும்பு
(கவ்வாத்துக் கத்தி, அது எனக்குத் தெரியும்),
கணுக்கால் இரண்டிலும் சிறு வடுக்கள், காரணம் அறியப்படவில்லை.
அட்டை கடித்தது என்று
சொல்லத் தெரிந்தவன் அந்த அறையில் ஒருத்தன்தான்,
அவனை யாரும் கேட்கவில்லை.

சூயஸ். பிறகு லிபியா.
கப்பலில் சாமான் இறக்கினது, தண்டவாளம் போட்டது,
இரண்டு முறை வயிற்றுக்கடுப்பு, ஒரு முறை கண்நோய்.
ரொட்டியைத் தின்னுமுன்
முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டுவார் மாமா.
எதுக்கு மாமா என்றால்
மண்ணுடா என்பார்.
எங்கள் லயத்தில் மண்ணெல்லாம் சேறு,
ரொட்டியில் எப்படி வரும் என்று சிரிப்போம்.

கடைசிக்கு முந்தின பக்கம், குற்றங்கள்.
ஒன்றே ஒன்று.
1944 செப்டம்பர்: கவனக்குறைவால் தொலைத்தது,
கம்பளி ஒன்று. சம்பளத்தில் பிடித்தம்.

தொலையவில்லை.
மூலையில் அம்புக்குறி போட்ட அந்தக் கம்பளியை
கொங்காணியாய்த் தலையில் மடித்துப் போட்டுத்தான்
என் அம்மா பதினோரு வருஷம்
மேப்பிரட்டில் கொழுந்தெடுத்தாள்.
இரண்டு வருஷம் எந்த மூட்டைக்குள், எந்த மணலுக்குள்
அதை ஒளித்து வைத்திருந்தாரோ!
காசைப் பிடித்துக்கொண்டார்கள் அல்லவா,
அப்படியானால் அது வாங்கினதுதான்.

நடத்தை: நன்று. விடுவிப்பு: 20 மே 1946.
தோட்டத்துப் பற்றுச்சீட்டு மாதிரியே இருக்கிறது.
முதல் நாளும் கடைசி நாளும் சேர்த்துக் கூட்டினேன்:
ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்திரண்டு நாள்.

பெட்டியில் இன்னொரு காகிதம் இருக்கிறது.
பிரஜாவுரிமைக் கந்தோர், 1953.
மனுதாரர் இந்நாட்டில் தொடர்ச்சியாக வசித்ததை நிரூபிக்கவில்லை,
இடையில் நாலு வருஷத்துக்குக்
கணக்கு இல்லை.

இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.
ஒன்றின் ஓட்டைக்கு மற்றது
சரியாய்ப் பொருந்துகிறது.
அந்த அதிகாரி செத்திருப்பார்.
மேன்முறையீட்டுக்குக் கெடு மூன்று மாதம் என்று
அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது.

1971இல் ஹட்டன் ஸ்டேசன்வரை போய் அனுப்பிவிட்டு வந்தோம்.
எனக்கு ஒன்பது வயது.
தலைமன்னார் ரயில் எந்தப் பக்கம் போகும் என்று
யாரும் சொல்லாததால்
இரண்டு பக்கமும் கை காட்டினேன்.

இரவு கரண்டு வந்த பிறகு
பக்கங்களைப் படம் பிடித்துக் கூடலூருக்கு அனுப்பினேன்.
அழகுநாச்சி மதினிக்கு எழுபது ஆகப்போகிறது.
பேத்தி பெரிதாக்கிக் காட்டியிருப்பாள்.
சூயஸைக் கேட்கவில்லை, கம்பளியைக் கேட்கவில்லை.
குரல் பதிவில் வந்தது இவ்வளவுதான்:

"உயரம் அஞ்சு ரெண்டுன்னா போட்டிருக்கு?
இல்ல தம்பி. வேற ஆளா இருக்கும்.
எங்கப்பா நல்ல உயரம்.
நெலையில இடிக்கும்னு
குனிஞ்சுதான் வீட்டுக்குள்ள வருவாரு."

லயத்து நிலை ஐந்தடி.
அளந்திருக்கிறேன்.
இன்னும் பதில் அனுப்பவில்லை.