எடைக்கு ஓர் ஆள்

முட்டுக்காட்டுக்கு முன்னால் ஒரு மைதானத்தில்
நான்கு சிலிண்டர் இறக்க வேண்டுமென்று
விடியற்காலை நாலரைக்கே எழுப்பிவிட்டார்கள்.
கல்யாணச் சமையல் என்று நினைத்துப் போனேன்.
புல்லில் படுத்துக் கிடந்தது ஒரு துணி,
ஒரு தெரு முழுக்கப் பந்தல் போடலாம், அவ்வளவு துணி.
ராட்சத மின்விசிறி ஒன்று
அதன் வாய்க்குள் காற்றை ஊட்டிக்கொண்டிருந்தது.
அடுப்பு எங்கே என்று கேட்டேன்.
மேலே கையைக் காட்டினார்கள்.

கூடையில் ஏறிய தம்பதியில் கணவர்
பர்னர் ஒருமுறை சீறியதுமே
"எனக்கு பிபி" என்று இறங்கிவிட்டார்.
அந்த அம்மா இறங்கவில்லை.
ஓட்டுகிற பெல்ஜியம் பெண்
கூடை ஒரு பக்கம் சாய்வதைப் பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்.
"வெயிட்?"

இருபத்தோரு வருஷம்
வீட்டு வாசல்களில் கொக்கித் தராசை மாட்டி
எடை காட்டியிருக்கிறேன்.
என் எடையை யாரும் கேட்டதில்லை.
ஐம்பத்தெட்டு என்றேன்.
காலியாகவா நிரப்பியா என்று அவள் கேட்கவில்லை.
காலையில் டீ மட்டும்தான்.

மூன்று ஜீப்பில் கட்டிய கயிறு மூன்றும்
ஒவ்வொன்றாக விறைத்தன.

எனக்கு உயரம் என்றால் மாடிக் கணக்குதான்.
ஒன்றில் செருப்பு வழுக்கும்.
இரண்டில் தோள் மாற்றுவேன்.
மூன்றில் ஒரு நாய் குரைக்கும்,
எந்தக் கட்டடமானாலும் மூன்றில் ஒரு நாய்.
நான்கில் என் மூச்சு எனக்கு முன்னால் போய்
காலிங்பெல் அடிக்கும்.
நான்கைத் தாண்டினோம், ஐந்தைத் தாண்டினோம்.
பழக்கத்தில் வலது தோள் மட்டும் தாழ்ந்தே நின்றது.
காலடியில் சிலிண்டர்
தானும் வந்துகொண்டிருந்தது,
படி ஒன்றும் மிதிக்காமல்.

அந்த அம்மா கடலைப் பார்த்தார்.
நான் வால்வைப் பார்த்தேன்.
குனிந்து மோந்தேன், காதை வைத்துக் கேட்டேன்.
சுடர் மஞ்சளடித்தால்
பர்னரைத் துடைங்கம்மா என்போம் வீடுகளில்.
இங்கே இரண்டு ஆள் உயரத்துக்கு மஞ்சள்!
யாரிடம் போய்த் துடைக்கச் சொல்வது?

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"லீக் இல்லம்மா" என்றேன்.

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை,
மறுபடியும் நெருப்பு கத்தியது.
உச்சந்தலை சுட்டது.
அப்புறம் ஓட்டுகிறவள் கையை எடுத்தாள்.

அந்த அமைதிக்கு நான் தயாராக இல்லை.
கூடையின் பிரம்பு முனகுவது கேட்டது.
கீழே, தூரத்தில், ஒரு பஸ்
யாரையோ திட்டிக்கொண்டே போனது.
அப்போதுதான் தலையை நிமிர்த்தினேன்.

கடல் ஒரு பக்கம், உப்பங்கழி ஒரு பக்கம்,
நடுவில் தினமும் நான் வண்டி ஓட்டும் ரோடு
இவ்வளவு ஒல்லியா?
வடக்கே பட்டணம் புகைக்குள் இருந்தது.
சவுக்குத் தோப்பைத் தாண்டி மொட்டை மாடிகள்,
கருப்புத் தொட்டிகள், காயும் துணி,
யாரோ மறந்துபோன ஒற்றை நாற்காலி.
சமையலறை வாசலுக்கு மேல் எந்த வீட்டையும் நான் பார்த்ததில்லை.
இங்கிருந்து பார்த்தால்
ஒரு வீட்டுக்கும் கதவு தெரியவில்லை.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த அம்மா கீழே கையசைத்தார்,
அவருடைய கைப்பையை மார்போடு பிடித்தபடி
பொத்தான் அளவில் நின்றிருந்த கணவருக்கு.

தரை வந்ததும் காலைத் தூக்கினேன்.
"நோ, நோ!" தோளைப் பிடித்து அழுத்தினாள்.
ஓர் ஆள் இறங்கினால்
கூடை மறுபடி எழும்பிவிடுமாம்.
அடுத்தவர் ஏறும்வரை
நான் அங்கே இருந்தாக வேண்டும்.
இருந்தேன்,
ஒன்றும் தூக்காமல், எதையும் நீட்டாமல்,
வெறும் ஐம்பத்தெட்டு கிலோவாக.

இறங்கியதும் பழக்க தோஷத்தில்
"ஓடிபி சொல்லுங்க" என்று வாய்வரை வந்துவிட்டது.
அவள் பெயர் கேட்டாள். தணிகாசலம்.
மூன்று தடவை முயன்று, "தனி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஈஞ்சம்பாக்கம், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி.
நாய் குரைத்தது.
"ஏம்ப்பா இவ்ளோ லேட்டு,
காலையிலிருந்து பால்கூடக் காய்ச்சலை."

சிலிண்டரை இறக்கி, உருட்டி,
மூடியைக் கழற்றி மோந்து பார்த்தேன்.
அவர் நெற்றிக்கு மேலே என் தலைமயிரைப் பார்ப்பது தெரிந்தது.
நுனி கொஞ்சம் கருகியிருக்க வேண்டும்.

"டிராஃபிக்மா" என்றேன்.