உரைகல்

அடகுக் கடையில் என் நாற்காலிக்கு மேலே
ஒரு சாண் அகலத்தில் மழை பெய்துகொண்டிருக்கும்.
பாரஸ்மல் சேட் ஊருக்குப் போனபோது
வேட்டிக்குள் சுற்றி எடுத்துவந்த படம்.

நள்ளிரவு. கறுப்பு மரங்கள்.
அவனைப் பார்க்கப் போகிறாள் ஒருத்தி.
கணுக்காலில் பாம்பு; அவள் குனியவில்லை.
கழன்று விழுந்த கொலுசு சேற்றில் கிடக்கிறது;
அவள் திரும்பவில்லை.
மின்னலுக்கு மட்டும் பொன்பூச்சு.
நிஜமா என்று ஒருநாள் சுரண்டப் போனேன்,
கண்ணாடி தடுத்துவிட்டது.

முதுகில் நாலு வரி இந்திப் பாட்டு.
சேட் முனகுவார், பொருள் சொல்லமாட்டார்.
"நீலக்காரர் எங்கே சேட்?"
படத்தின் சிவப்பு ஓரத்தைத் தொட்டு
"இதுக்கு வெளியே" என்றார்.
அவள் பார்க்கும் திசையில்
எங்கள் கடையில் இருப்பது
இரும்புப் பெட்டி.

பதினாலு வருஷமாய் எனக்கு உரைகல்.
கறுப்புக் கல்லில் ஓர் இழுப்பு, ஒரு சொட்டுத் திராவகம்.
மெழுகுக்குக் கழி, பற்றுக்குக் கழி, அழுக்குக்குக் கழி.
யோசித்தால் நானும் நாள் முழுக்க
இருட்டில் மின்னல்தான் இழுக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
வத்தல்மலையிலிருந்து இறங்கிய மழை
பென்னாகரம் ரோட்டை மறைத்தபோது
மாதம்மாள் வந்தாள்.
கொலுசின் திருகு இறுகிப்போயிருந்தது.
தரையில் உட்கார்ந்து மல்லாடினாள்.
தேங்காயெண்ணெய் கொடுத்தேன்.
நூற்றெழுபது கிராம். "நீ கேக்கறது வராதும்மா."
அவள் காதில் விழவில்லை, மேலே பார்த்தபடி

"எங்க போறா, இந்த மழைல?"
"சாமியப் பாக்க."
"சாமியா, புருசனா?"
"ரெண்டும் ஒண்ணுதான்னு சேட் சொல்றாரு."
"அப்ப வட்டி யாரு கட்டுவா?"
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

கடன் எதற்கு என்று ரசீதில் ஒரு கட்டம்.
'சொந்த உபயோகம்' என்று
கேட்காமலே எழுதிவிடுவது வழக்கம்.
அன்றைக்குப் பேனா நின்றது.
நிமிர்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்,
பணம் முந்தானையில், தலைக்கு ஒன்றுமில்லாமல்.
ஊர் முழுக்கக் கரண்ட் போயிருந்தது.
ஒரு வெட்டு வெட்டியது.
கொலுசு இருந்த இடத்தில்
வெயில் படாத தோல்
இரண்டு வளையமாய்ப் போய்க்கொண்டிருந்தது,
சத்தமே இல்லாமல்.

எந்தப் பக்கம் திரும்பினாள், தெரியாது.
கட்டத்தை அப்படியே விட்டேன்.

கொலுசைத் துணியில் முடிந்து
சீட்டு கட்டி
பெட்டியருகே போனேன்.
திறப்பதற்கு முன்
ஆள் இருக்கிற அறைக்குள் நுழைகிறவன்போல
லேசாக ஒருமுறை
இருமினேன்.