கால்மணி நேரம்

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
அலுமினிய ஆலையின் வேலியை ஒட்டி எங்கள் முகாம்.
அறை எண் பதினாலு. வெள்ளிக்கிழமை.
மீன் பொரித்த வாடை இன்னும் போகவில்லை.
இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில்
நாலு பேர், ஒரு வேதப்புத்தகம்,
பிளாஸ்க் நிறைய சுலைமானி.

வாசிக்கிறவன் தாசையன்,
கிரேனுக்குக் கொக்கி மாட்டுகிறவன்.
எபிரேயம் தெரியாது அவனுக்கு.
எங்கோ கேட்ட ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறான்:
அந்த மொழியில் உடன்படிக்கையைச் செய்வதில்லையாம்,
வெட்டுவதாம்.
கிடாரியை நடுவே பிளந்து
பாதிக்கு எதிரே பாதி வைத்து
ஊடே நடந்து போவார்களாம்,
சொல் தவறினால் எனக்கும் இதே கதி என்று.

நாங்களும் நடந்தவர்கள்தான்.
வலப்பக்கம் அரபி, இடப்பக்கம் ஆங்கிலம்,
இரண்டுக்கும் நடுவே வெள்ளையாய் ஒரு சந்து.
அதன் வழியே போய்
இடது பெருவிரலை மையில் தோய்த்தோம்.

"அந்த ஊர்விட்டுப் போன ஆளை மட்டும்
நடக்கச் சொல்லல" என்றான் தாசையன்.
"அவன தூங்க வச்சிட்டு
புகையுற சூளைதான் ஊடே போச்சு."
"அப்ப ஒப்பந்தத்துல மாட்டுறது முதலாளி மட்டுமா?
நல்லா இருக்கே!" என்றது மேல்தட்டு.

மேல்தட்டில் மருதையன், அரியலூர்.
வேதம் கேட்க வந்தவனில்லை.
அவன் அறையில் ஏசி செத்து நாலு நாள்.

பிறகு சட்டங்கள்.
மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வை,
விழுகிறவன் ரத்தம் உன் வீட்டின்மேல்.
(சேப்டி ஆபீசர் எழுதினாப்ல இருக்கு.)
போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே.
அடகு வாங்கிய போர்வையை ராத்திரிக்கு முன் திருப்பிக் கொடு.
இங்கே யாரோ பாஸ்போர்ட் என்று முனகினார்கள்.
கூலிக்காரன் கூலி
பொழுது சாயும்வரை உன்னிடம் தங்கக் கூடாது.

"கேட்கிறதுக்கும் கீழ்ப்படியறதுக்கும்
அவங்களுக்கு ஒரே வார்த்தை" என்றான் தாசையன்.
"நமக்கும் அதானே" என்றேன் நான்.
"பேச்சைக் கேளுன்னா காது மட்டுமா?"
"கேள்வி கேக்குறதும் கேக்குறதுதான்"
என்றது மேல்தட்டு.

நான் டைம் கீப்பர்.
ஆறே காலுக்கு வெளியேறுகிறவனை
ஆறு என்று எழுதச் சொல்லி உத்தரவு.
கல்லில் இல்லை, காகிதத்தில் இல்லை,
போர்மேன் ஒருநாள் காரில் ஏறும்போது
சொல்லிவிட்டுப் போனது.
மூன்று வருடமாக
ஒரு எழுத்தும் பிசகாமல் கைக்கொண்டு வருகிறேன்.

"பொழுது சாயறதுக்குள்ள குடுக்கணும், சரி.
பொழுது எப்பச் சாஞ்சுதுன்னு எழுதுறவனுக்கு
அதுல எதுனா சொல்லியிருக்கா?"

மருதையன் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.
மின்விசிறியைப் பார்த்துக் கேட்டான்.
தாசையன் பக்கங்களைப் புரட்டினான்,
முன்னால், பின்னால்.
எனக்கு ஊற்றிய டீ
மேலே ஏடு கட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், மூன்றாம் வாசல்.
வேலிக்கு அந்தப் பக்கம் சூளை புகைந்தது.
படிவம் இரண்டு தாள்: வெள்ளை ஆபீசுக்கு, மஞ்சள் எனக்கு,
நடுவே கார்பன்.
முதல் பதினொரு பேருக்கு
ஆறு என்றே விழுந்துவிட்டது. கைப்பழக்கம்.
பன்னிரண்டாவது மருதையன்.
அட்டையை நீட்டினான். ஒன்றும் கேட்கவில்லை.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஆறு பதினேழு என்று எழுதினேன்,
மஞ்சளிலும் பதியும்படி அழுத்தி.

அவன் பஸ் ஏறிவிட்டான்.
வரிசை நகர்கிறது.
மேலே அந்தப் பதினொரு பேர் நிற்கிறார்கள்.
படிவத்தின் அடியில்
அச்சடித்திருக்கிறது:
அடித்தல் திருத்தல் கூடாது.